காகிதம் தண்ணீர் குடிப்பது எப்படி? – டாக்டர் தாமஸ் யங்கின் கதை



‘யங்’ என்ற பெயரை ஒரு தடவையாவது எழுதாமல் நம்மில் யாரும் டிப்ளமோ வாங்கிவிட முடியாது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் மைல்ட் ஸ்டீல் ராடை யு.டி.எம்.மில் மாட்டுவோம். எக்ஸ்டென்சோமீட்டரைப் பார்த்து ரீடிங் எடுப்போம். கிராஃப் போட்டு, சாய்வைக் கண்டுபிடித்து, கடைசி வரியில் யங்ஸ் மாடுலஸ் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2 லட்சம் நியூட்டன் என்று எழுதி ரெக்கார்டை மூடிவிடுவோம். (ரீடிங் சரியாக வராதவர்களும் இதே விடையைத்தான் எழுதுவார்கள். அது எப்படி என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை!)

வைவாவில் எக்ஸ்டர்னல் சார் ஒருநாள், யார் இந்த யங் என்று கேட்டுவிட்டார். என் பக்கத்தில் நின்ற நண்பன், மெட்டீரியல் பழசாகாமல் இளமையாக இருக்கும்போது உள்ள மாடுலஸ் சார் என்று சொன்னான். எக்ஸ்டர்னல் சிரிக்கவில்லை. அடுத்து என் பக்கம் திரும்பினார். நானும் ஏதோ ஒரு சயின்டிஸ்ட் சார் என்பதற்கு மேல் போகவில்லை.

அதற்குச் சில வாரம் கழித்து இண்டஸ்ட்ரியல் விசிட் போனோம். அந்தத் தொழிற்சாலை கேன்டீனில் கை கழுவும் இடத்தில் துண்டுக்குப் பதில் பேப்பர் டவல் ரோல் தொங்கியது. நண்பன் ஒரு தாளைக் கிழித்து, அதன் நுனி மட்டும் பேசினில் தேங்கிய தண்ணீரில் படும்படி பிடித்தான். தண்ணீர் விறுவிறுவென்று மேலே ஏறியது. பூமி கீழே இழுக்கும்போது இது மட்டும் எப்படி சார் மேலே போகிறது என்று கூட வந்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் சாரிடம் கேட்டோம். சார் சிரித்துக்கொண்டே, வைவாவில் நீங்கள் கோட்டை விட்ட அதே ஆளைப் போய்ப் படியுங்கள், இதற்கும் பதில் அவர்தான் என்றார்.

இப்படித்தான் நான் லைப்ரரிக்குப் போனேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

தாமஸ் யங் 1773-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி இங்கிலாந்தில் சாமர்செட் மாவட்டத்தில் மில்வர்ட்டன் என்ற ஊரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். அப்பா துணி வியாபாரம் செய்தவர், வட்டிக் கடை மாதிரி ஒரு சிறு வங்கியும் நடத்தினார். குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆடம்பரம் கிடையாது. நாடகம், நடனம் கூடவே கூடாது. சின்ன வயதில் பெரும்பாலும் அம்மாவின் அப்பா வீட்டில், கடலோர ஊரான மைன்ஹெட்டில்தான் வளர்ந்தார்.

இரண்டு வயதில் சரளமாகப் படித்தாராம்! நாலு வயதுக்குள் பைபிளை இரண்டு தடவை முடித்துவிட்டார். பதினான்கு, பதினைந்து வயதில் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலி, எபிரேயம், அரபு, பாரசீகம் என்று பட்டியல் நீள்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. இந்த மாதிரி ஆட்களின் கதையை நமக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அடுத்த பக்கத்தில் மனசு மாறிவிட்டது. பள்ளியில் உதவி ஆசிரியர் ஒருவர் இந்தப் பையனுக்கு லேத் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். புத்தகம் பைண்டிங் செய்யவும், டெலஸ்கோப் செய்யவும் அங்கேதான் பழகினார். ஆக, நம்ம ஆள்தான்!

குடும்பத்தில் ரிச்சர்டு பிராக்கிள்ஸ்பி என்ற பெரிய டாக்டர் ஒருவர் இருந்தார், யங்குக்கு அம்மா வழியில் தாத்தா முறை. அவர் சொல்லி யங்கும் மருத்துவம் படிக்கப் போனார். லண்டன், எடின்பரோ, ஜெர்மனியில் கட்டிங்கன், கடைசியில் கேம்பிரிட்ஜ். 1796-ல் கட்டிங்கனில் டாக்டர் பட்டம். எடின்பரோவில் நாடகம் பார்த்தார், நடனம் பழகினார், குவேக்கர் வாழ்க்கையிலிருந்து மெல்ல விலகினார். அதற்கு முன்பே, மருத்துவ மாணவனாக இருந்தபோதே, மாட்டின் கண்ணை அறுத்துப் பார்த்து, பக்கத்தில் உள்ளதையும் தூரத்தில் உள்ளதையும் பார்க்கக் கண்ணின் லென்ஸே வடிவம் மாறுகிறது என்று 1793-ல் கட்டுரை படித்தார். அடுத்த ஆண்டே, 21 வயதில், ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நம்மில் பலர் அரியர் எழுதிக்கொண்டிருக்கும் வயது!

கேம்பிரிட்ஜில் அவருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘அதிசய யங்’. இதைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. நம்ம ஹாஸ்டலில் வைக்கும் பெயர்கள் மாதிரி, பாதி மரியாதை, பாதி நக்கல்.

1797-ல் பிராக்கிள்ஸ்பி தாத்தா இறந்து, லண்டனில் ஒரு வீடும் 10,000 பவுண்டும் யங்குக்கு விட்டுப் போனார். யங் லண்டனில் டாக்டராகப் போர்டு மாட்டினார். நோயாளிகள் அதிகம் வரவில்லை. 1801-ல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் அவரைப் பேராசிரியராக அழைத்தது.

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அப்போது ஹம்ஃப்ரி டேவி இருந்தார். மேடையில் அவர் வெடிக்கவும் வைப்பார், ஒளிரவும் வைப்பார். அவர் பேச்சைக் கேட்க வண்டிகள் வந்து தெருவே அடைத்துக்கொள்ளும். அதே மேடையில் யங் ஏறினார். இரண்டு ஆண்டில் 91 சொற்பொழிவுகள். இயந்திரவியல், நீரியல், ஒலி, ஒளி, வானவியல் என்று எதையும் விடவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் கெட்டியான பாகு மாதிரி. ஒரு வாக்கியத்தில் ஒரு அத்தியாயத்தையே அடக்கிவிடுவார். கேட்க வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. 1803-ல் பதவியை விட்டு விலகிவிட்டார்.

அந்தச் சொற்பொழிவுகள் 1807-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சாயின. நம்முடைய மாடுலஸ் அதில்தான் இருக்கிறது. ஆனால் நம்ம புத்தகத்தில் உள்ள மாதிரி ஸ்ட்ரெஸ் கீழே ஸ்ட்ரெயின் என்று இருக்காது. அவர் சொன்ன விதமே வேறு. ஒரு கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பொருளில், அதே பருமனில் ஒரு தூணைக் கற்பனை செய்யுங்கள். அந்தத் தூணின் முழு எடையையும் கம்பியின் மேல் வைத்தால், கம்பி அதே நேர்கோட்டு விதிப்படி சுருங்கிக்கொண்டே போய்த் தன் நீளம் முழுவதையும் இழக்க வேண்டும். அந்தத் தூண் எவ்வளவு உயரமோ அதுதான் அளவு! ஸ்டீலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சுமார் 2,600 கிலோமீட்டர் வருகிறது. தப்பே இல்லாத விளக்கம்தான். ஆனால் வைவாவில் இப்படிச் சொன்னால் எத்தனை மார்க் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நாம் இன்று எழுதும் எளிய வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் பிரான்சின் நேவியர், 1826-ல்.

யங்கின் வாழ்க்கை பூராவும் இதே கதைதான் நண்பர்களே. விடை சரி, எழுதிய விதம்தான் யாருக்கும் புரியாது. காகிதத்தில் தண்ணீர் ஏறும் விஷயத்திலும் இதுதான் நடந்தது.

மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால் உள்ளே தண்ணீர் ஏறும் என்பது யங்குக்கு முன்பே தெரியும். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் என்று ஜேம்ஸ் ஜூரின் 1718-லேயே சொல்லிவிட்டார். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி நடந்துகொள்கிறது என்ற எண்ணமும் 1751-ல் செக்னர் என்பவரால் வந்துவிட்டது. ஆனால் ஏன் தண்ணீர் கண்ணாடியில் ஏறுகிறது, பாதரசம் ஏன் அதே கண்ணாடியில் இறங்குகிறது, மெழுகின் மேல் தண்ணீர் ஏன் உருண்டு ஓடுகிறது? எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விளக்கம் யாரிடமும் இல்லை.

1804 டிசம்பர் 20-ஆம் தேதி ராயல் சொசைட்டியில் யங்கின் கட்டுரை வாசிக்கப்பட்டது. தலைப்பு, திரவங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது பற்றி. அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. அதில் அவர் பிடித்துக்கொண்டவை இரண்டே விஷயங்கள். ஒன்று, திரவத்தின் மேற்பரப்பு எங்கும் ஒரே அளவு விசையோடு தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். இரண்டு, ஒவ்வொரு திரவமும் ஒவ்வொரு திடப்பொருளைத் தொடும்போதும் அந்த ஜோடிக்கென்று ஒரு கோணம் உண்டு. பாத்திரம் எந்த வடிவமானாலும் அந்தக் கோணம் மாறாது. இதைத்தான் இன்று தொடுகோணம் என்கிறோம், அதாவது கான்டாக்ட் ஆங்கிள்.

ஏன் அந்தக் கோணம்? ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் போதும். தண்ணீர், காற்று, திடப்பொருள் மூன்றும் சந்திக்கும் ஓரத்தில் மூன்று இழுவிசைகள். திடப்பொருளும் காற்றும் சேரும் பரப்பு ஒரு பக்கம் இழுக்கிறது. திடப்பொருளும் தண்ணீரும் சேரும் பரப்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. தண்ணீரின் மேற்பரப்பு சாய்வாக இழுக்கிறது. சாய்ந்த விசையைத் திடப்பொருளின் தளத்தோடு பிரித்து, மூன்றையும் சமப்படுத்தினால் கோணம் கிடைத்துவிடும். ஜிப் கிரேன் கணக்கு போடத் தெரிந்தவனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

இப்போது பேப்பர் டவலுக்கு வருவோம்.

காகிதம் என்பது மரக்கூழின் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்த ஒரு படுகை. நாரின் பொருள் செல்லுலோஸ். அதன் மூலக்கூறு முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள், அவற்றுக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஆகவே தொடுகோணம் மிகக் குறைவு, தண்ணீர் நாரின் மேல் அப்படியே பரவிவிடும். இரண்டு நாருக்கு இடையே உள்ள சந்தில் தண்ணீரின் மேற்பரப்பு பள்ளமாக வளைகிறது. அப்படி வளைந்த பரப்புக்குக் கீழே தண்ணீரின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துபோகிறது. குறைந்த இடத்துக்குக் கீழிருந்து தண்ணீர் வந்து சேருகிறது. ஏறிய தண்ணீரின் எடை அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வரை ஏறும். காகிதம் உறிஞ்சுகிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

கணக்கும் பார்த்துவிடலாம். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். கோணம் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் தண்ணீர் சுமார் 3 சென்டிமீட்டர் ஏறும். ஆரம் 0.02 மில்லிமீட்டர் ஆனால் சுமார் 73 சென்டிமீட்டர்! காகிதத்தின் சந்துகள் இந்த மாதிரிக் குட்டிக் குட்டிச் சந்துகள்தான். ஆனால் அவை நேரான குழாய்கள் இல்லை. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒன்று முட்டுச்சந்து. பெரிய சந்தில் தண்ணீர் சீக்கிரமே நின்றுவிடும், போகிற வழியில் ஆவியாகியும் போகும். அதனால் நிஜத்தில் அவ்வளவு உயரம் வராது.

அப்படியானால் நோட்டுப் புத்தகக் காகிதம் ஏன் இப்படிக் குடிப்பதில்லை? அதுவும் செல்லுலோஸ்தானே! எழுதும் தாளுக்கு ஆலையில் ‘சைஸிங்’ செய்வார்கள். ரோசின் போன்ற பொருள் நாரின் மேல் படிந்து தொடுகோணத்தைக் கூட்டிவிடும். அதனால்தான் மை பரவாமல் நிற்கிறது. சைஸிங் செய்யாத தாள்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் மைப்பேனா காலத்தில் வைத்திருந்த பிளாட்டிங் பேப்பர். டிராயிங் ஹாலில் நாம் பார்க்கும் டிரேசிங் பேப்பரில் வேறு வித்தை. அதற்குக் கூழை அளவுக்கு மீறி அரைத்து, சந்துகளே இல்லாதபடி நார்களை நெருக்கிவிடுகிறார்கள். காற்றுச் சந்து இல்லாததால்தான் அது கண்ணாடி மாதிரித் தெரிகிறது. ஒரு பொருளில் கோணத்தை மாற்றினார்கள், இன்னொன்றில் சந்தை அடைத்தார்கள். யங் சொன்ன கணக்கில் இந்த இரண்டும்தான் இருக்கின்றன.

கை துடைக்கும் தாளில் செய்வது நேர் எதிர். நார்களைத் தளர்வாக விட்டு, தாளைச் சுருக்கம் சுருக்கமாக மடித்து, புள்ளி புள்ளியாக அச்சுப் பதித்து, இரண்டு அடுக்கை ஒட்டுகிறார்கள். அடுக்குகளுக்கு நடுவேயும் தண்ணீருக்கு இடம் கிடைக்கிறது. இன்னொரு சிக்கல் உண்டு. காய்ந்த காகிதத்தில் நாரும் நாரும் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் புகுந்தால் அந்தப் பிடியைத் தான் எடுத்துக்கொள்ளும். நனைந்த நியூஸ் பேப்பர் கையோடு பிய்ந்து வருவது இதனால்தான். பேப்பர் டவலில் ஈரத்திலும் விடாமல் பிடிக்கும் ஒருவகை ரெசினைச் சேர்க்கிறார்கள். டாய்லெட் தாளில் சேர்ப்பதில்லை, அது தண்ணீரில் கரைந்து போகத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஸ்காட் கம்பெனி 1907-ல் பேப்பர் டவலை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது யங் இறந்து 78 ஆண்டு ஆகியிருந்தது. அது தனிக் கதை.

சரி, இவ்வளவு அருமையான கட்டுரைக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் கேட்டால் உங்களுக்கும் வருத்தமாக இருக்கும். அந்தக் கட்டுரையில் யங் கணிதக் குறியீடுகளையே ஒதுக்கிவிட்டார். சமன்பாட்டில் ஒரே வரியில் முடிகிற விஷயத்தையெல்லாம் வாக்கியமாகவே, நீட்டி நீட்டி எழுதினார். இன்று எல்லாப் புத்தகத்திலும் யங் சமன்பாடு என்று அச்சிடுகிறார்களே, அந்தச் சமன்பாடு அந்தக் கட்டுரையில் சமன்பாடாக இல்லை! வார்த்தையில்தான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1806-ல், பிரான்சின் மாபெரும் கணித மேதை லாப்லாஸ் தன் வானியல் நூலுக்கு இணைப்பாக இதே விஷயத்தை எழுதினார். முழுக்க முழுக்கக் கணிதம். ஐரோப்பாவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. யங்குக்குக் கோபம். தான் முன்னே சொன்னதை லாப்லாஸ் குறிப்பிடவில்லை என்பது ஒன்று, தேவையில்லாத கணிதத்தைக் கொட்டி எளிய விஷயத்தைக் கடினமாக்கிவிட்டார் என்பது இன்னொன்று. 1809-ல் ஒரு லண்டன் பத்திரிகையில் லாப்லாஸை விமர்சித்துக் கடுமையாகவே எழுதினார்.

யார் பக்கம் நியாயம்? நான் ரொம்ப யோசித்தேன். முன்னே சொன்னவர் யங், அதில் சந்தேகமில்லை. அந்தக் கோணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஆனால் படிக்கிறவனுக்கு ஒரு கை கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவரேதான். இந்த விஷயத்தில் எனக்கு யங் மேல் கோபம் உண்டு. லாப்லாஸ் மேல் அதைவிடக் கொஞ்சம் அதிகம், முன்னே எழுதியவன் பெயரைச் சொல்ல ஒரு வரி போதுமே. பிறகு மேக்ஸ்வெல் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் பதிப்பில் இதைப் பற்றி எழுதியபோது, யங்கின் முறை சரியானதே, குறியீடுகளைத் தவிர்த்ததால்தான் இருண்டு போயிற்று என்று தீர்ப்புச் சொன்னார். இப்போது திரவப் பரப்பின் வளைவுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை யங்–லாப்லாஸ் சமன்பாடு என்று இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். உயிரோடு இருந்தபோது இருவரும் சேரவில்லை.

இதே காலத்தில் யங்குக்கு இன்னொரு அடியும் விழுந்தது. ஒளி என்பது அலை என்று அவர் சொன்னார். ஒளியோடு ஒளி சேர்ந்து இருட்டு வரும் என்று காட்டினார். நியூட்டன் ஒளியைத் துகள் என்று சொல்லியிருந்ததால் இங்கிலாந்தில் அது தெய்வ குற்றம் மாதிரி. எடின்பரோவின் ஒரு பத்திரிகையில் ஹென்றி புரூம் என்ற வக்கீல் யங்கைக் கிழித்துத் தொங்கப் போட்டார். யங் பதிலுக்கு ஒரு சிறு புத்தகம் போட்டார். எத்தனை பிரதி விற்றது தெரியுமா? ஒன்றே ஒன்று!

1804-ல் எலைசா மேக்ஸ்வெல் என்ற பெண்ணை மணந்தார். குழந்தைகள் இல்லை. 1811-ல் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை கிடைத்தது, சாகும்வரை அதில் இருந்தார். நோயாளிகள், நம்ம டாக்டர் வைத்தியத்தை விட்டுவிட்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, வைத்தியம் அல்லாத விஷயங்களைப் பல ஆண்டுகள் பெயர் போடாமலே எழுதினார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் இணைப்புத் தொகுதிகளுக்கு மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள். அதில் ஒன்று திரவ ஒட்டுமை பற்றியது, 1816-ஐ ஒட்டி எழுதியது. பரப்பு இழுவிசையை மட்டும் வைத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் தூரம் அங்குலத்தில் 25 கோடியில் ஒரு பங்கு இருக்கலாம் என்று அதில் கணக்கிட்டார். அதாவது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அணு உண்டா இல்லையா என்றே சண்டை நடந்த காலத்தில், தண்ணீர்ச் சொட்டை வைத்து மூலக்கூறின் உலகத்தை அளந்திருக்கிறார்! 1890-ல் ராலே பிரபு எடுத்துச் சொல்லும்வரை அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

எகிப்தின் பட எழுத்தில் அவர் இறங்கியது இன்னொரு பெரிய கதை. ரோசெட்டா கல்லில் 1814 முதல் உழைத்து, அரசர் பெயர்களில் சில எழுத்துகளை அடையாளம் கண்டார். 1822-ல் பிரான்சின் ஷாம்போலியன் பூட்டை முழுதாகத் திறந்துவிட்டார். மறுபடியும் பிரான்ஸ், மறுபடியும் யார் முதலில் என்ற சண்டை. இதில் மட்டும் என் ஓட்டு ஷாம்போலியனுக்குத்தான்.

இடையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. 1816-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் அராகோவும் கே-லுசாக்கும் யங்கைப் பார்க்க வந்தார்கள். தங்கள் நாட்டு இளைஞர் ஃப்ரெனெல் ஒளியலை பற்றிப் புதிதாகக் கண்டுபிடித்ததைப் பெருமையாகச் சொன்னார்கள். இதை நான் முன்பே எழுதிவிட்டேனே என்றார் யங். வந்தவர்கள் நம்பவில்லை, பேச்சு வளர்ந்தது. அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த எலைசா அம்மையார் எழுந்து உள்ளே போனார். 1807-ல் வந்த அந்தக் கனமான புத்தகத்தைக் கையில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் மேஜையில் வைத்துப் பிரித்து, ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். அவ்வளவுதான், அராகோ வாயடைத்துப் போனார். பிறகு பிரான்சில் யங்கின் பெயரைப் பரப்பியவர் அதே அராகோதான். யங்கின் பெருமையை யங்கைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் அந்த அம்மாதான் என்பது என் கட்சி.

1818 முதல் கடற்பயணிகளுக்கான வானியல் பஞ்சாங்கத்தைத் தயாரிக்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. வானியல்காரர்கள் அதில் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1827 மார்ச் 5-ஆம் தேதி பாரிசில் லாப்லாஸ் இறந்தார். அதே ஆண்டு பிரெஞ்சு அறிவியல் அகாடமி, வெளிநாட்டுக்காரர்கள் எட்டுப் பேருக்கு மட்டும் தரும் இடங்களில் ஒன்றை யங்குக்குக் கொடுத்தது.

அதற்குப் பிறகு இரண்டே ஆண்டு. மூச்சிரைப்பு வந்து படுத்தார். படுக்கையிலும் எகிப்திய மொழி அகராதி வேலையை விடவில்லை. பேனா பிடிக்கக் கையில் வலு இல்லை என்று பென்சிலால் எழுதினார். 1829 மே 10-ஆம் தேதி லண்டனில் காலமானார். 56 வயது முடிய ஒரு மாதம் இருந்தது. கென்ட் பகுதியில் ஃபார்ன்பரோ என்ற ஊரில், மனைவி வீட்டாரின் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவுக் கல் ஒன்று இருக்கிறது.

நண்பனும் நானும் ஹாஸ்டலில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். நீங்களும் செய்யலாம், செலவு ஒன்றுமில்லை. பேப்பர் டவலில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டி, அதில் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, நுனியை டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வாட்ச்சைப் பாருங்கள். முதல் நிமிடத்தில் தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறுகிறதோ, அதைப் போல இரண்டு பங்கு தூரத்துக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். மூன்று பங்குக்கு ஒன்பது நிமிடம் என்று கணக்கு, ஆனால் அதற்குள் எடையும் ஆவியும் குறுக்கே வந்து இன்னும் தாமதமாகும். இந்த விதியை 1918-ல் லூக்கஸும் 1921-ல் வாஷ்பர்னும் தனித்தனியே எழுதினார்கள். அதன் சமன்பாட்டுக்குள் யங்கின் கோணம் இருக்கிறது. நோட்டுத் தாளிலும் ஒரு பட்டை வெட்டிப் பக்கத்திலேயே தொங்கவிட்டோம். டவலில் தண்ணீர் மூன்றாவது கோட்டைத் தாண்டியபோதும் நோட்டுத் தாளில் முதல் கோட்டைத் தொடவில்லை.

நண்பன் பென்சிலை எடுத்து, தண்ணீர் நின்ற இடத்தில் குறித்துக்கொண்டு, இதை ரெக்கார்டில் எந்தப் பெயரில் எழுதலாம் என்று கேட்டான். நான் சொன்னேன். சமன்பாட்டோடு எழுது என்றும் சொன்னேன்.

– இறுதியாண்டு, இயந்திரவியல் துறை